ஜாதிக்காய்ப் பாகும் நாற்பத்தொரு வயிற்றுவலியும்

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது நான் ஒரு தலையணையின் முழங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தலையணைக்கு முழங்கை ஏது என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. அந்த வருஷம் பினாங்கில் நடந்த மாலைநேர முதலுதவி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். மொத்தம் இருபத்தொரு பேர். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் கட்டுப் போட்டுப் பழக வேண்டும். இருபத்தொன்றை இரண்டால் வகுத்தால் மீதி வருகிறதே, அதுதான் நான். வாத்தியார் அறை மூலையில் கிடந்த நீளத் தலையணையை எடுத்துக் கொடுத்து, "மிஸ்டர் நடேசன், இப்போதைக்கு இவரை வைத்துச் சமாளியுங்கள்" என்றார். மூன்று மாதமும் அவரை வைத்தே சமாளித்தேன். பரீட்சையில் எனக்குத்தான் முதல் மார்க்கு. (நோயாளி முனகாமல் ஒத்துழைத்ததே காரணம்.)

சான்றிதழைக் கண்ணாடி போட்டு என் மாடியறைச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்ப்பதற்கு அந்த அறைக்கு வருகிறவர்கள் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அரிசி இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குக் குமாஸ்தா வேலை. கம்பெனியில் எல்லோரும் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்வார்கள். ஐந்து மணி அடித்ததும் மரியாதையாகவே கலைந்துபோவார்கள்.

சான்றிதழ் வந்த நாள் முதல் சட்டைப் பையில் ஒரு முக்கோணக் கட்டுத்துணி இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. நான்கு மாதம் காத்திருந்தேன். ஜார்ஜ் டவுனில் என் கண்முன்னால் ஒரு மனிதர்கூட விழவில்லை. ஒரே ஒருநாள் சூலியா தெரு முனையில் ஒரு ரிக்ஷா கவிழ்ந்தது. ஓடினேன். நான் துணியை உதறி மடிப்பதற்குள், விழுந்த தவுக்கே, அதாவது சீன முதலாளி, எழுந்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். ரிக்ஷாக்காரர் என்னை அடுத்த சவாரி என்று நினைத்துச் சீட்டைத் துடைத்தார்.

அன்று சாயங்காலம் என் அறைத் தலையணைக்கு (எனக்கென்று ஒன்று வாங்கியிருந்தேன்) கட்டுப் போடும்போதுதான் மின்னலடித்தது. கப்பல்! ஆறு நாள் பயணம். எண்ணூறு பேர். ஒருவரும் எழுந்து நடந்து போய்விட முடியாது!

எனக்கு மூன்று வாரம் லீவு பாக்கியிருந்தது. சென்னைப் பட்டணத்துக்கு உல்லாசப் பயணம் என்று ஆபீஸில் சொன்னேன். "யார்கூடப் போறீங்க?" என்று கேட்டார்கள். "பெட்டியோடு" என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், தலையாட்டினார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்புத் தோல் பெட்டி. உள்ளே கொய்னா, டிஞ்சர், விளக்கெண்ணெய், பேதியுப்பு, யூகலிப்டஸ் தைலம், தெர்மாமீட்டர், எலும்பு முறிந்தால் வைத்துக் கட்ட மூங்கில் பட்டைகள், பதினெட்டு முக்கோணத் துணிகள். வயிற்றுக்கு மட்டும் இங்கிலீஷ் மருந்தில் நம்பிக்கையில்லாமல், பாலிக் புலாவ் வரை பஸ்ஸில் போய், ஜாதிக்காய்த் தோட்டத்தில் காய்ச்சிய பாகு நான்கு பெரிய புட்டி வாங்கிவந்தேன். இரண்டு கரண்டி பாகைத் தண்ணீரில் கலந்து குடித்தால் வயிறு சொன்னபடி கேட்கும். தித்திப்பாகவும் இருக்கும். இந்தத் தித்திப்பைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். "முதலுதவி செய்கிறவன் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும், பின்னால் வருகிற டாக்டருக்கு அதுதான் கண்" என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

போகும்போது பெட்டியைத் திறக்கவே இல்லை. கப்பல் பினாங்குத் துறைமுகத்தை விட்டதும் படுத்தவன் நாகப்பட்டினத்தில்தான் எழுந்தேன். சகல நோய்க்கும் மருந்து வைத்திருந்த மகானுக்குக் கடல் மயக்கத்தில் பெட்டியின் சாவித்துவாரம் தெரியவில்லை. பட்டணத்தில் கடற்கரை, மியூசியம், ஐக்கோர்ட்டு எல்லாம் பார்த்தேன். எதைப் பார்த்தாலும் "அடடா!" என்று திரும்புவேன், திரும்பின பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு வாரத்தில் நான் பேசிய மனிதர்கள் இரண்டே பேர்: ஜட்கா வண்டிக்காரர், சாப்பாட்டுக் கிளப்பில் பரிமாறுகிறவர். இரண்டாமவரிடம் பேசியது "போதும்" என்கிற ஒரு சொல்.

திரும்பிவரும் கப்பலில் உடம்பு பழகிவிட்டது. டெக்கில் பாய் விரித்து உட்கார்ந்தேன். கால்சட்டை போட்டவனைக் கண்டு சுற்றியிருந்தவர்கள் ஒரு முழம் தள்ளியே பாய் போட்டார்கள். அவர்கள் கட்டுச்சோற்றைப் பிரித்து ஒருவருக்கொருவர் எடுத்து வைத்துக்கொள்வதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில், பெட்டியைச் சும்மா துடைத்து வைப்போமே என்று திறந்தேன்.

"தம்பி, நீங்க டிரசரா?"

கேட்டது பக்கத்துப் பாயிலிருந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி இருந்து மருந்து கொடுப்பவரை மலாயாவில் டிரசர் என்பார்கள். கால்சட்டை, கறுப்புப் பெட்டி, முகத்தில் ஒரு கடுகடுப்பு இவையே அவருடைய அடையாளம். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. மூன்றாவதை உடனே வரவழைத்துக்கொண்டேன்.

"என்ன செய்யுது?" என்றேன். (இல்லை, நான் டிரசர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாளே!)

"வயித்தை என்னமோ பண்ணுது."

பாகைக் கலந்து கொடுத்தேன். குடித்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். "அம்மாடி! இது மருந்தா?" என்றாள்.

கப்பல் தண்ணீரில் துருவாடை அடிக்கும். டெக்கில் தகரக் கூரை வேறு கொதிக்கும். அந்த வெயிலில் குளிர்ந்த தித்திப்பு ஒரு மடக்கு எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரைமணி நேரத்தில் அந்தத் தளத்தில் வயிற்றுவலி பரவிவிட்டது.

அடுத்த மூன்று நாள் நான் வாழ்ந்த வாழ்க்கை! என் பாய்க்குப் பக்கத்தில் இடம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. வருகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பாகைக் குடித்ததும் கையை எடுத்துவிட்டு, மாடு விற்ற கதை, மச்சான் ஏமாற்றிய கதை எல்லாம் சொல்வார்கள். புளிச்சோறு, எள்ளுருண்டை என்று இலையில் வரும். நாகூருக்கும் பினாங்குக்குமாகத் துணி வியாபாரம் செய்யும் காதர் நானா தினம் மூன்று வேளை வருவார்.

"தம்பி, ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன். மூணாவது வர்ற மாதிரி இருக்கு. அதுக்குள்ள ஊத்திடு."

"எப்ப எடுத்தீங்க நானா? இங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"மனசுக்குள்ள எடுத்தேன்லா. எழுதிக்கோ, எழுதிக்கோ."

எழுதினேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நம்பர் போட்டு எழுதினேன். 'வயிற்றுவலி' என்று மட்டும் எழுதினால் இங்கிலீஷில் சப்பென்றிருந்தது. வைத்தியப் புத்தகத்தைப் பார்த்து 'கடுமையான அடிவயிற்று நோவு, இடைவிடாத குமட்டல், உடல் தளர்ச்சி' என்று அழகு செய்தேன். காதர் நானா எட்டிப்பார்த்தார். "நம்ம கதைக்கெல்லாம் நோட்டு எதுக்கு தம்பி? பேசினது காத்துல போயிடும், எழுதினது உக்காந்துக்கும்" என்றார். அவருக்கு மருத்துவ முறை தெரியாது என்று பரிதாபப்பட்டேன்.

அஞ்சலை அக்காள்தான் அதிகம் வந்தவள். பாகு குடித்த பிறகு இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுப்பாள். "இதை இன்னொருவாட்டி படி தம்பி." அவள் புருஷன் சின்னையா கெலுகோரில் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்தார். ஆறு வருஷமாகப் பிரிவு. இரண்டு தடவை கப்பலுக்குத் தேதி குறித்து, இரண்டு தடவையும் அவள் வரவில்லை. ஒரு தடவை அவள் அப்பாவுக்கு உடம்புக்கு வந்தது. இன்னொரு தடவை, நாகப்பட்டினம் வரை வந்து கடலைப் பார்த்து, பயந்து திரும்பிவிட்டாள். இரண்டு தடவையும் அவர் பினாங்குப் படகுத்துறையில் (ஜெட்டி என்பார்கள்) பொழுது சாயும்வரை நின்றிருக்கிறார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் கையெழுத்தில் வந்த அந்தக் கடிதத்தின் கடைசி வரி இதுதான்: 'தொரை ஒரு நாள் லீவு குடுத்திருக்காரு. இந்தத் தடவையும் வரலேன்னா இனிமே நான் எழுதமாட்டேன்.'

"வியாழக்கிழமை நிப்பாரு, இல்ல தம்பி?"

"நிப்பாரு அக்கா."

"என்னை அடையாளம் தெரியுமா அவருக்கு?"

"ஏன் தெரியாது?"

"எனக்கு அவரைத் தெரியுமான்னுதான் பயமா இருக்கு" என்று சொல்லி, மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். கேஸ் நம்பர் இருபத்தாறு.

வியாழக்கிழமை காலை பினாங்கு தெரிந்தது. மஞ்சள் கொடியோடு கப்பல் நங்கூரம் போட்டது. துறைமுகச் சுகாதார அதிகாரி ஏறிப் பார்த்து, நோயில்லை என்று சொன்னால் மஞ்சள் கொடி இறங்கும். சொந்தச் செலவில் வந்தவர்கள் நேரே ஜெட்டிக்குப் போகலாம். சந்தேகம் என்றால் எல்லோருக்கும் ஜெரெஜாக் தீவில் ஏழு நாள் காவல்.

வெள்ளைக்கார அதிகாரி வந்தார். எங்களை வரிசையாக நிறுத்தி நாக்கையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே போனார். கப்பல் டாக்டர், "எல்லோரும் சௌக்கியம்" என்றார். அதிகாரி கொடிப்பக்கம் கையைத் தூக்கப் போனார். அஞ்சலை அக்காள் தலைசீவி, பூப்போட்ட புடவை கட்டி, தூரத்து ஜெட்டியில் எறும்பாகத் தெரிந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தா, வெள்ளை வேட்டி!" என்றாள். அங்கே இருந்த அத்தனை பேரும் வெள்ளை வேட்டிதான்.

அப்போதுதான் நான் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தேன்.

ஏன் வந்தேன் என்று இன்றுவரை கேட்கிறார்கள். பின்னால் வருகிற டாக்டர் இதோ வந்துவிட்டாரே! நான்கு மாதம் கட்டுத்துணியோடு அலைந்ததெல்லாம் இந்த நிமிஷத்துக்குத்தானே! குதிகாலைச் சேர்த்து நின்று, இங்கிலீஷில், "ஐயா, பயணிகளின் முழு விவரமும் இதில் இருக்கிறது" என்று நோட்டை நீட்டினேன்.

அதிகாரி புன்னகையோடு வாங்கினார். முதல் பக்கத்தில் புன்னகை நின்றது. மூன்றாம் பக்கத்தில் மீசை குத்திட்டு நின்றது.

"மூன்று நாளில் நாற்பத்தொரு கேஸா? வாந்தியோடா?"

"ஆமாம் ஐயா. எல்லாரையும் நானே கவனித்துக்கொண்டேன்" என்றேன் அடக்கமாக.

"அவர்கள் எங்கே?"

பெருமையோடு கையைக் காட்டினேன். கேஸ்கள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. காதர் நானா தம் வயதுக்கு மீறிய உற்சாகத்தோடு ஒரு குதி குதித்துக் காட்டினார். பலிக்கவில்லை. மஞ்சள் கொடி அப்படியே பறந்தது. ஆட்களை ஏற்றிப் போகத் தொங்கான் படகுகள் வந்தன.

படகு ஜெட்டியைத் தாண்டித் தெற்கே திரும்பியபோது அஞ்சலை அக்காள் அழவில்லை. என்னைப் பார்த்து, "உனக்கு நான் என்ன தம்பி பண்ணினேன்?" என்று மட்டும் கேட்டாள். பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜெரெஜாக்கில் எங்கள் துணிமணிகளையெல்லாம் ஆவியில் அவித்துக் கொடுத்தார்கள். என் கால்சட்டை சுருங்கி முழங்காலுக்கு நான்கு விரல் கீழே நின்றுவிட்டது. டிரசர் உத்தியோகம் அதோடு போயிற்று. கொட்டகையில் என் பாயைச் சுற்றி நான்கு பாய் அகலத்துக்குக் காலியிடம். கப்பலில் இரண்டு நாள் தனியாக இருந்தவன்தான், ஆனால் அப்போது யாருக்கும் என்னைத் தெரியாது. இங்கே எல்லோருக்கும் தெரியும். சோற்று வரிசையில் நான் போய் நின்றால், எனக்கு முன்னால் நிற்பவர் ஒரு நடை முன்னே போவார். மிச்சமிருந்த ஒரு புட்டிப் பாகை யாராவது கேட்க மாட்டார்களா என்று தலைமாட்டில் வைத்திருந்தேன். முழுத் தீவிலும் ஒரு வயிறுகூட வலிக்கவில்லை.

முகாமில் ஒரு நிஜ டிரசர் இருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒருவருக்கும் நோயில்லை, பாகுக்காக வந்தார்கள், அழகுக்காக நான் எழுதினேன் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நல்லாச் சொன்னீங்க. ஆனா எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஏழு நாள்னா ஏழு நாள்தான்."

"ஒரு ஆளுக்குச் சேதி மட்டும் அனுப்ப முடியுமா ஐயா?"

ஜெரெஜாக்குக்கு எதிர்க்கரையில், கொஞ்சம் வடக்கே, கெலுகோர் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். காய்கறிப் படகில் வரும் மலாய்க்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்பினேன். 'சின்னையா அவர்களுக்கு. உங்கள் மனைவி வந்துவிட்டார்கள். தடுத்தது கடல் அல்ல, அடியேன். இப்படிக்கு, நடேசன்.'

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. பதில் இல்லை. அஞ்சலை அக்காள் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி நானும் நின்றிருந்தேன். அவள் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு சம்பான் படகு வந்தது. அதில் ஒரு ஆள் எழுந்து நின்றுகொண்டு கரையையே பார்த்தார்.

"அக்கா! அவர்தான்!"

அவள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். "அவரு இல்ல."

"நல்லாப் பாருங்க!"

"இவருக்குத் தொப்பை இருக்கு. முடியும் இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு இத்தாம்பெரிய முடி."

படகிலிருந்தவரும் எங்கள் பக்கம் பார்க்காமல் வேறெங்கோ தேடினார். காவல்காரர் விசிலை ஊதி, கிட்டே வராதே என்று கையசைத்தார். படகு திரும்பத் தொடங்கியது. நான் கொட்டகைக்கு ஓடினேன். பதினெட்டு முக்கோணத் துணிகளையும் முடிச்சுப் போட்டு, மூங்கில் பட்டைகளை ஒன்றோடொன்று கட்டி, நுனியில் தொங்கவிட்டு, பாறைமேல் ஏறி வீசினேன். என் வாழ்நாளில் மனிதர்களுக்காக நான் போட்ட முதல் கட்டு அதுதான். கொட்டகையே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

படகு நின்றது. அதிலிருந்தவர் இரண்டு கையையும் வாயில் குவித்தார். குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"அஞ்சலே! இந்தத் தடவையாச்சும் வந்தியாடீ?"

அவள் எழுந்தே விட்டாள். ஆறு வருஷத்தில் தொப்பை வரலாம், முடி போகலாம், அந்த அதட்டல் மாறுமா? அவளும் கையைக் குவித்துக் கத்தினாள்.

"வந்துட்டேன்! இந்தத் தம்பிதான் விடமாட்டேங்குது!"

தீவே சிரித்தது. காவல்காரர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சின்னையா சந்தோஷத்தில் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்கினார். சம்பான் சாய்ந்தது. ஆள் தண்ணீரில் மறைந்தார்.

முழுகியவருக்கு மூச்சு வரவழைக்கும் முறை! தலையணையின் முதுகில் நூறு தடவை அழுத்திப் பழகியது! "நகருங்க! நகருங்க!" என்று கூவிக்கொண்டு, முழங்கால் கால்சட்டையோடு கடலில் பாய்ந்தேன். நான் போய்ச் சேருவதற்குள் சின்னையா எழுந்து நின்றார். இடுப்பளவுத் தண்ணீர். சேற்றில் சறுக்கி விழுந்தது நான்தான். என்னைக் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கிக் கரையேற்றியது அவர்.

"நீதானா அந்த டிரசரு?" என்றார்.

கரையில் கால் வைத்த குற்றத்துக்கு, சட்டப்படி அவரும் தடுப்புக் காவலுக்குள் வந்தார். நியாயமாக அவருக்கு ஏழு நாள். இவர் பெயர் நோட்டில் இல்லையே, எங்களோடு வியாழக்கிழமையே விட்டுவிடலாம் என்று டிரசர் மனமிரங்கினார். 'நோய்த் தடுப்புக் காவலில் இருக்கிறார்' என்று தோட்டத்துத் துரைக்குச் சர்க்கார் சீட்டும் போயிற்று. ஒரு நாள் லீவுக்குத் தவங்கிடந்த மனிதருக்கு அதனால் கேள்வி கேட்பார் இல்லாமல் நான்கு நாள் கிடைத்தது. பகலெல்லாம் இரண்டு பேரும் அந்தப் பாறைமேல் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். தூங்க இடம் தேடியபோது, என் பக்கத்தில் காலியாக இருந்த நான்கு பாய் அகலத்தைப் பார்த்து, "இங்க காத்தோட்டமா இருக்கே" என்று சின்னையா துண்டை விரித்தார். அரை மணி கழித்துக் காதர் நானாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "வயித்தை லேசா என்னமோ பண்ணுதுலா" என்றார், புட்டியைப் பார்த்துக்கொண்டே.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கெலுகோருக்குப் போவேன். அவர்களுக்குப் பெண் குழந்தை இருக்கிறது. சோறு வடிக்க நேரமானாலும், சின்னையா வேலையிலிருந்து தாமதமாக வந்தாலும், குழந்தை குளிக்க வர அடம்பிடித்தாலும், அந்த வீட்டில் காரணம் ஒன்றுதான்: "வந்துட்டேன், இந்தத் தம்பிதான் விடமாட்டேங்குது!" நான் அங்கே இல்லாத நாளிலும் சொல்கிறார்களாம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவர்களிடம் சொல்லவில்லை.

மற்ற ஆறு நாள் மாடியறைதான். சான்றிதழ் இருக்கிறது. தலையணையும் இருக்கிறது. அதற்குக் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் மறுபடி லீவு. ரங்கூன் கப்பலில் டெக் டிக்கெட் எடுத்தாயிற்று. பெட்டி தயார். நோட்டுப் புத்தகம் இல்லை. (அஞ்சலை அக்காள் பெட்டியைச் சோதனை போட்டு, பென்சிலைக்கூட எடுத்துவிட்டாள்.) பாகு ஆறு புட்டி. புதிதாக இரண்டு கண்ணாடித் தம்ளர். மூன்றாம் நாள்வரை காத்திருக்கும் உத்தேசம் இல்லை. கப்பல் நகர்ந்ததும் பெட்டியைத் திறந்து, இரண்டு தம்ளரிலும் பாகைக் கலந்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பாயில் இருப்பவர் யாராயிருந்தாலும் சரி, எனக்கு வயிற்றை என்னமோ பண்ணுகிறது என்று நானே முதலில் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.